கண்ணாடியைக் கழற்றினால் கரண்ட் போகும்

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பேச வருகிற விருந்தினர்கள் யாரும் மைக்கை லேசில் விடமாட்டார்கள். ஐந்து நிமிஷம் என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மேடை ஏறியதும், எதிரே இருக்கிற அத்தனை பிள்ளைகளும் தங்கள் பேச்சைக் கேட்கத்தான் பிறந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றிவிடும். பல்லைப் பற்றிப் பேச வந்த ஒரு பல் டாக்டர், பல்லில் ஆரம்பித்து, தன் கல்யாணத்துக்குத் தாவி, மாமனார் தனக்குச் செய்த துரோகம் வரைக்கும் போய்விட்டார். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தார்கள். அப்போதுதான் மேடையில் இருந்த தலைமையாசிரியை தன் கறுப்புச் சட்டக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார்.

அரங்கத்தின் கடைசியில், பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்த மைக்காரருக்கு அது போதும். முதலில் ஃபேன் ஸ்விட்சுகளை வரிசையாக அணைப்பார். பிறகு ஆம்ப்ளிஃபையரை. தலைக்கு மேல் ஃபேன்கள் சோர்ந்து நிற்கும், டாக்டரின் வாய் மட்டும் சத்தமில்லாமல் அசையும். "அடடா, நல்ல நேரத்துல கரண்ட் போயிடுச்சே!" என்று தலைமையாசிரியை எழுந்து, உலகத்திலுள்ள வருத்தத்தையெல்லாம் முகத்தில் வரவழைத்துக்கொண்டு, விருந்தினருக்கு ஒரு கைதட்டல் வாங்கிக் கொடுத்து இறக்கிவிடுவார். அவர் வாசலைத் தாண்டியதும் கரண்ட் வந்துவிடும். அந்த ஊரில் கரண்ட் நிஜமாகவே நினைத்தால் போகும், நினைத்தால் வரும். அதனால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இந்த ஏற்பாடு இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக வருஷக்கணக்கில் நடந்தது. வீட்டில் இருக்கிறவர்களுக்கும் தெரிந்தது மைக்காரரின் ஓட்டை வாயால். ஒருநாள் சாப்பிடும்போது பல் டாக்டர் மாதிரியே நடித்துக் காட்டினார். கடைசியில் கண்ணாடி கழன்றதையும் கரண்ட் போனதையும் சொன்னபோது, அவருடைய மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மனைவிதான் மகளின் தலையைத் தட்டிக்கொண்டே, "இதெல்லாம் பிள்ளைகிட்ட சொல்ற விஷயமாங்க?" என்றாள்.

மைக்காரர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். சம்பளத்துக்கு அவர் எலக்ட்ரீஷியன். பெயர்தான் எலக்ட்ரீஷியன், வேலை என்னவோ எல்லாமும்தான். ஒழுகுகிற குழாய், உடைந்த நாற்காலி, பூட்டாத கதவு எதுவாக இருந்தாலும், "மைக்காரரைக் கூப்பிடு" என்பார்கள். அவருக்குப் பெருமை மட்டும் மைக்கில்தான். அவர் கை பட்ட மைக் கீச்சிடாது, கரகரக்காது. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் காலி அரங்கத்தில் அதைச் சோதித்துப் பார்ப்பார். மகள் மேடையில் ஏறி நின்று, "பின்னாடி கேக்குதா?" என்பாள். அவர் கடைசியில் நின்று கையைத் தூக்குவார். மைக் எட்டாமல் நாற்காலி போட்டு ஏறி நின்ற வயதிலிருந்து அவள்தான் இதைச் செய்கிறாள். இப்போது பதினோராம் வகுப்பு. மைக்கைத்தான் அவளுக்காக உயர்த்த வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட மகள் ஒரு திங்கட்கிழமை நிஜமாகவே பேச மேடை ஏறினாள். தூய்மை வாரம். பேச்சை எழுதி, கூட்டத்தைப் பொறுப்பெடுத்து நடத்துகிற வரலாற்று ஆசிரியரிடம் முன்பே காட்டிவிட்டாள். அவர் இரண்டு இடத்தில் 'மிக' சேர்த்துவிட்டு, சரி என்று சொல்லியிருந்தார். மைக்காரர் அன்றைக்குத் தலையை இரண்டு தடவை சீவிக்கொண்டு வந்தார். அவரை யாரும் பார்க்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

மகள் முதல் இரண்டு வரிகளைப் படித்தாள். பிறகு கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள்.

"எழுதினத பேசலாம்னுதான் வந்தேன். ஆனா நம்ம ஸ்கூல்லயே ரொம்ப சுத்தமான இடம் எது தெரியுமா? பொண்ணுங்க பாத்ரூம். ஏன்னா அது எப்பப் பாத்தாலும் பூட்டியே இருக்கு."

அரங்கம் குபீரென்று சிரித்தது. மைக்காரரும் பாதி சிரித்துவிட்டார். மீதிப் பாதி தொண்டையில் நின்றது. அந்தப் பூட்டை மாட்டியவரே அவர்தான்.

"க்ளாஸ் நேரத்துல போகணும்னா ஆபீஸ்ல போய் சாவி கேக்கணும். அங்க உக்காந்திருக்கிற அத்தனை பேர் முன்னாடியும் கேக்கணும். அந்த வெக்கத்துல நாங்க காலைலருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. போன வாரம் எங்க க்ளாஸ்ல ஒருத்தி மயங்கியே விழுந்துட்டா. அவளுக்கு என்னன்னு டாக்டர் என்ன சொன்னார்னா…"

முன்வரிசைப் பெண்கள் சிலர் திரும்பி, நடுவரிசையில் இருந்த ஒருத்தியைப் பார்த்தார்கள். மேடையில் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

மைக்காரரின் கை போய் ஆம்ப்ளிஃபையரை அணைத்தது.

அவர் யோசித்து அணைக்கவில்லை. யோசிப்பதற்கு முன்பே விரல் ஸ்விட்சில் இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம். மேடையில் நிற்பது பல் டாக்டரா, பெற்ற பிள்ளையா என்று கை பார்க்கவில்லை. மகளின் உதடு அசைவதும், சத்தம் வராததும் தெரிந்த பிறகுதான் யாரை நிறுத்தினோம் என்று அவருக்குப் புரிந்தது. திரும்பப் போடலாமா என்று விரல் அந்த ஸ்விட்சின் மேலேயே நின்று தவித்தது. அதற்குள் தலைமையாசிரியை எழுந்து, "மைக்குக்கு என்னமோ ஆயிடுச்சு. எல்லாரும் க்ளாசுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

மகள் இறங்கவில்லை. கூட்டம் கலைகிற வரைக்கும் மேடையிலேயே நின்றாள். அவள் கடைசித் தடுப்பைப் பார்ப்பாள் என்று மைக்காரர் பயந்தார். அவள் பார்க்கவில்லை, அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். எதற்காக அங்கே பார்க்கிறாள் என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை.

அன்றைக்கு அவருக்கு எந்த வேலையும் ஓடவில்லை. எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றி மறுபடி மாட்டினார். ஏணியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கீழே தூக்கிக்கொண்டு வந்தார். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்தார். பொய் என்றாலும் பழகிய பொய், வாய்க்கு எளிதாக வரும்.

சாயங்காலம் வீட்டில், சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "பாவம் பாப்பா, நீ பேசறப்ப பாத்தா இந்தக் கரண்ட் போய்த் தொலையணும்?" என்றார்.

மகள் பாடப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "ஃபேன் சுத்திட்டிருந்துச்சேப்பா" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை, காரணம் கேட்கவில்லை. திரும்பப் புத்தகத்தைப் பார்த்தாள். மைக்காரருக்குச் சட்டையை எந்த ஆணியில் மாட்டுவது என்று தெரியவில்லை. எத்தனையோ விருந்தினர்களுக்கு ஒரு தடவைகூட மறக்காத ஃபேன் ஸ்விட்ச். பெற்ற மகளின் வாயை மூட அவசரப்பட்ட அன்றைக்கு மறந்து தொலைத்திருக்கிறார். அன்றிலிருந்து மகள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் மைக்காரர் ஏணிமேல் நின்றிருக்கிறார், மேசைக்கு அடியில் படுத்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நுனியில் உட்கார்ந்தார்.

"முதல்ல உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்றார் தலைமையாசிரியை. "சொந்தப் பொண்ணுன்னு பாக்காம டக்குனு ஆஃப் பண்ணீங்க பாருங்க. வேற யாருக்கும் அந்த மனசு வராது."

மைக்காரருக்குக் கன்னத்தில் அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. தலையை ஆட்டினார். வேறென்ன செய்ய?

"நான் என்ன கெட்டவளா? அந்தப் பூட்டு ஏன் வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். உள்ள சுவத்துல ஒரு டீச்சரைப் பத்தி என்ன எழுதியிருந்துச்சு, நீங்கதானே சுண்ணாம்பு அடிச்சு அழிச்சீங்க?"

அடித்தார்தான். படிக்காமல் அடிக்க முயன்றார், முடியவில்லை. அந்த டீச்சர் இரண்டு வாரம் லீவில் போய், திரும்பி வரவே இல்லை.

"அதுவும் பேச்சு சுதந்திரம்னு சொல்வாங்களா? உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறா, நல்லாப் பேசறா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒண்ணை எழுதிக் காட்டிட்டு இன்னொண்ணைப் பேசறது ஏமாத்து. மேடை ஸ்கூலோடது. வீட்ல என்ன வேணா பேசட்டும், தெருவுல பேசட்டும், நான் கேக்கமாட்டேன்." குரலை இறக்கினார். "அடுத்த திங்கட்கிழமை அதே மேடைல ஏறி, 'நான் பேசினது தப்பு, பள்ளிக்கூடத்தைப் பத்தித் தவறாப் பேசிட்டேன்'னு சொல்லணும். சொல்லிட்டா இதோட விட்டுடறேன். சொல்லலைன்னா வேற ஸ்கூல் பாத்துக்க வேண்டியதுதான். நிர்வாகம் என்னைக் கேக்குது. நான் என்ன பண்றது?"

அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம்தான். வேறு பள்ளிக்கூடம் என்பது அந்த வீட்டில் யோசித்துப் பார்க்கக்கூட முடியாத காரியம். வெளியே வந்த மைக்காரர், தான் கடைசிவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதைப் படிக்கட்டில்தான் கவனித்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஊர் சத்தத்தையெல்லாம் பெரிதாக்கிக் கொடுக்கிற மனுஷனுக்குச் சொந்தச் சத்தம் இல்லாமல் போய்விட்டது.

வீட்டில் விஷயத்தை மனைவியிடம் சொன்னார். அவள் துணிக்கடையில் ஆல்டரேஷன் மெஷினில் உட்காருகிறவள். எதையும் சட்டென்று வெட்டித் தைத்துத்தான் பழக்கம்.

"மன்னிப்பு கேட்டா என்ன குறைஞ்சிடும்? கேட்டுட்டுப் போகட்டும்" என்றாள் முதலில். அப்புறம் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஏங்க, அந்தப் பூட்டை யாரு மாட்டினது?"

"நாந்தான்."

"நம்ம வீட்லயும் ரெண்டு பொம்பளைங்க இருக்கோமே, மாட்டறப்ப தோணலையா உங்களுக்கு?"

"மாட்டச் சொன்னாங்க, மாட்டினேன்."

"ஆஃப் பண்ணச் சொன்னாங்க, ஆஃப் பண்ணீங்க" என்றாள் மனைவி. அதற்கு மேல் அவரைக் கேட்க ஒன்றுமில்லை என்பது போலப் பாத்திரத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மகள் வீட்டில் இருந்தாள், ஆனால் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்டாள். அப்பா பக்கத்தில் இருக்கிற தண்ணீரைக்கூட அம்மாவிடம்தான் கேட்டாள். காலையில் இருவரும் சேர்ந்து பஸ்ஸில் போவது வழக்கம். இப்போது அவள் முன்பக்கம் ஏறினாள், அவர் பின்பக்கம் ஏறினார். இறங்குகிற இடம் ஒன்றுதான். இறங்கியதும் அவள் விறுவிறுவென்று நடந்தாள். அவளுடைய பைக்குப் பின்னாலேயே இரும்புக் கேட் வரைக்கும் நடந்துபோவார் மைக்காரர். கூப்பிட வாயெடுப்பார், மென்று விழுங்கிவிடுவார். வேலை போனால் இன்னொரு வேலை, பள்ளிக்கூடம் போனால் எப்படியோ இன்னொரு பள்ளிக்கூடம். இந்தப் பிள்ளை தன்னை இனி நம்பாது என்று ஆகிவிட்டால் அதற்கு எங்கே போவது? அந்த வாரம் முழுக்க அவருக்கு நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழத் தோன்றியது.

நடுவில் ஒருநாள் மகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டு வந்தாள். முகம் சிவந்து வீங்கியிருந்தது. அறைக்குள் இருவரும் பேசியது கூடத்தில் இருந்தவருக்கு நன்றாகவே கேட்டது. கேட்பதற்கென்றே அவர் சுவரோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பழுதில்லாத டார்ச்சைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கதவையே தொறக்கமாட்டேன்னுட்டாம்மா முதல்ல" என்றாள் மகள். மயங்கி விழுந்த பெண்ணின் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார்கள். "எல்லாரும் அவளைத் திரும்பிப் பாத்தாங்களாம். அன்னைலருந்து ஸ்கூலுக்கே போகல. 'உனக்குப் பேச உரிமை இருக்கு, சரி. என் உடம்பைப் பத்திப் பேச உனக்கு யார் குடுத்தா உரிமை? என்னை ஒரு வார்த்தை கேட்டியா'ன்னு கேட்டா. என்னால ஒண்ணுமே சொல்ல முடியலம்மா."

"அதான் அழுது மன்னிப்பு கேட்டுட்டியே. விடு."

"டாக்டர் சொன்னதையும் சேத்துச் சொல்லியிருந்தேன்னா அவ என்ன ஆயிருப்பா? அந்த இடத்துல மைக் நின்னது நல்லதுதான்னுகூட தோணுதும்மா."

மைக்காரரின் கையிலிருந்த திருப்புளி நின்றது. வாரம் முழுக்கத் தேடின வார்த்தை தானாக நடந்து வந்து மடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணுக்காகத்தான் ஆஃப் பண்ணினேன் பாப்பா. இவ்வளவுதான். சொல்லிவிட்டால் முடிந்தது. எழுந்து இரண்டடி வைத்தார்.

"ஆனா அப்பா அதுக்காக ஆஃப் பண்ணலம்மா" என்றாள் மகள். "எதுக்குன்னே தெரியாமப் பண்ணிட்டார். அதான் தாங்க முடியல எனக்கு."

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தன்னைப் பற்றித் தனக்கே தெரியாததை இந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று ஆச்சரியமாக இருந்தது. கோபமும் வந்தது. அதையெல்லாம் விட அதிகமாக வெட்கமாக இருந்தது. டார்ச்சை மாட்டி எரிகிறதா என்று பார்த்தார், எரியவில்லை. நன்றாக இருந்ததைப் பிரித்துக் கெடுத்திருந்தார்.

திங்கட்கிழமை வந்தது. மகள் மன்னிப்புக் கேட்கப் போகிறாளா இல்லையா என்று யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கேட்டதற்கு, "கேக்க வேண்டியதக் கேப்பேன்" என்றாள். அதற்கு எந்தப் பக்கம் அர்த்தம் எடுத்துக்கொள்வது? மைக்காரர் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். காலி அரங்கத்தில் ஒயரை நீட்டி, ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, சோதித்துப் பார்க்க ஆளில்லாமல் தானே மேடையில் ஏறினார். "பின்னாடி கேக்குதா?" என்றார். அவருடைய குரல் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. கடைசியில் கை தூக்க யாருமில்லை. அவசரமாக இறங்கி வந்துவிட்டார்.

கூட்டம் கூடியபோது தலைமையாசிரியை மேடைக்குப் போகிற வழியில் தடுப்பைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்றார்.

"எழுதிக் கொடுத்தத அப்படியே படிக்கச் சொல்லியிருக்கேன். எதுக்கும் கவனமா இருங்க."

"சரிங்க மேடம்" என்றது வாய். அதுவும் பழக்கம்தான்.

ஆனால் கையை இந்தத் தடவை பழக்கத்துக்கு விடுவதாக இல்லை. மகள் மேடை ஏறியதும் மைக்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் ஸ்டூலில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கண்ணாடி கழன்றால் கழலட்டும். கை வலித்தது, இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். சற்றுத் தள்ளி நின்றிருந்த வரலாற்று ஆசிரியர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மகள் கையில் தாள் இருந்தது. அதைப் பிரிக்கவில்லை.

"நான் ஒண்ணை எழுதிக் காட்டிட்டு இன்னொண்ணைப் பேசினேன். அது தப்பு. அதுக்கு மேடம்கிட்டயும் சார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை, அவர் வைத்திருந்த மைக்கில் ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகக் கேட்டது. தலைமையாசிரியை தலையை அசைத்தார். "இன்னொருத்தரோட சொந்த விஷயத்த அவங்களைக் கேக்காமப் பேசினேன். அது பெரிய தப்பு. அவங்க வீட்டுக்கே போய் மன்னிப்பு கேட்டேன். அவங்க இன்னும் மன்னிக்கல. அது அவங்க இஷ்டம்."

மகள் பிரிக்காத தாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆனா பாத்ரூம் பூட்டியிருக்குன்னு நான் சொன்னது பொய்யில்ல. இன்னைக்கும் பூட்டித்தான் இருக்கு. நெஜத்தச் சொன்னதுக்கு எப்படி மன்னிப்பு கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. சுவத்துல எழுதினவங்களக் கண்டுபிடிங்க, தண்டனை குடுங்க. அவங்களுக்கும் சேத்து எங்க எல்லாருக்கும்…"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

மைக்காரர் அசையவில்லை. உடம்பு முழுக்க வேர்த்தது, கை மட்டும் அவருக்கு அடியில் கிடந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கழன்ற கண்ணாடியைப் பார்த்தும் மைக் பேசிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். மைக் பேசியது. இன்னும் அழுத்தித் துடைத்தார், அப்போதும் பேசியது. மைக்காரருக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று நெஞ்சில் பொங்கி வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

நிஜமாகவே போயிற்று. ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு அவர் கண்ணெதிரிலேயே அணைந்தது. மேடையில் மகளின் வாய் அசைந்து, நின்றது. அவள் மெல்லத் தலையைத் தூக்கி, அத்தனை தலைகளுக்கும் மேலாகக் கடைசித் தடுப்பைப் பார்த்தாள். ஒரு வாரமாக அவரைப் பார்க்காத கண்.

மைக்காரர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் இல்ல பாப்பா!"

அந்த அரங்கத்தில் அவர் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. மைக்காரர் நிறுத்தவில்லை. நிறுத்துகிற ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"சத்தியமா நான் ஆஃப் பண்ணல! போன தடவ நாந்தான் பண்ணேன், ஒத்துக்கறேன். மேடம் கண்ணாடியக் கழட்டினா ஆஃப் பண்ணணும், அதான் வழக்கம், அந்தப் பல் டாக்டர் காலத்துலருந்து அப்படித்தான்! கை தானாப் போயிடுச்சு பாப்பா. நீதான் நிக்கறேன்னுகூட பாக்கல நான். அந்தப் பூட்டையும் நாந்தான் மாட்டினேன். ஆனா இன்னைக்கு என் கை இங்க இருக்கு, பாரு!" என்று சிவந்து கன்றிப்போயிருந்த இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "இது நெஜக் கரண்ட்டு!"

ஆயிரம் கண்கள் அவரை விட்டுத் திரும்பி மேடைக்குப் போயின. தலைமையாசிரியையின் கண்ணாடி இன்னும் கைக்குட்டைக்குள் இருந்தது. அவர் பதறிப்போய் அதை எடுத்து மாட்டிக்கொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று. எங்கோ நடுவரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், அது பரவி அரங்கம் முழுக்க ஓடியது. தலைமையாசிரியை ஏதோ சொல்ல எழுந்தார். அத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்தார். கைக்குட்டையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மைக்காரருக்கு அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. வேலை போயிற்று என்று நினைத்தார். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் நின்றார்.

மகள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். வரிசையாக எல்லா ஃபேன்களும் சுற்றிச் சோர்ந்து நின்றுகொண்டிருந்தன.

"தெரியுதுப்பா" என்றாள். "ஃபேன் நின்னுடுச்சு."

ஒரு வாரத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு. அவருக்குக் கண் நிறைந்து எதிரே எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. மகள் செத்துப்போன மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, குனிந்து தரையில் வைப்பதும், மேடையின் விளிம்புக்கு நடந்து வருவதும் மங்கலாகத்தான் தெரிந்தன. அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். சிரிப்பு தானாக அடங்கியது.

"பின்னாடி கேக்குதா?" என்றாள், தொண்டையைத் திறந்து.

மைக்காரர் இறக்கப்போன கையை மறுபடி தூக்கினார்.